பிணமாக நடித்தவரின் தம்பி

தீர்ப்புச் சொல்வதில் நம் எல்லோருக்கும் ஆசை உண்டு. இந்தக் கதையில் மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

கோபிசெட்டிபாளையத்தில் தமயந்தி என்றொரு பெண். கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது பிழைப்பு; சினிமா இயக்குநராவது ஆசை. அவள் எடுத்த இரண்டு குறும்படங்களைச் சொந்தக்காரர்களே முழுதாகப் பார்க்கவில்லை. மூன்றாவதும் போணியாகாவிட்டால், வீட்டில் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவதாக அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது படத்தின் கதை ஒரு சாவு வீடு. செத்தவரைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அவரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுகிறார்கள். இரவல் கேமரா கிடைத்தது. டீயும் பன்னும் கொடுத்தால் அழத் தயாராகத் தெருப் பெண்கள் இருந்தார்கள். பிணமாகப் படுக்கத்தான் ஆளில்லை. அபசகுனம் என்று எல்லோரும் கழன்றுகொண்டார்கள்.

ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர் சென்னியப்பன் மட்டும், வீட்டையும் தருகிறேன், நானே படுக்கவும் செய்கிறேன் என்று தாமாக முன்வந்தார். சாவு மேளம் தெருமுனை வரை கேட்க வேண்டும் என்றார். ‘படப்பிடிப்பு நடக்கிறது’ என்று தமயந்தி எழுதி வைத்திருந்த போர்டை வாசலில் வைக்கவும் விடவில்லை.

“போர்டு வெச்சா சாவு வீடு மாதிரியா இருக்கும் கண்ணு?”

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நாச்சிமுத்து, சென்னியப்பனின் கூடப்பிறந்த தம்பி. அண்ணன் மகளின் கல்யாணப் பத்திரிகையில் இவர் பெயர் விட்டுப்போயிற்று. மறதியா, வேண்டுமென்றே செய்ததா என்று அண்ணன் இன்றுவரை வாய் திறந்ததில்லை. “இனி நீங்க செத்தாலும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டுவிட்டுப் போனார் நாச்சிமுத்து. வருஷங்கள் ஓடிவிட்டன. அண்ணன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார் என்பதால், படப்பிடிப்பு நடக்கும் செய்தியையும் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நம் பக்கத்தில் சாவு வீட்டுக்கு யாரும் அழைப்பை எதிர்பார்ப்பதில்லை. மேளச் சத்தம் போதும்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தபோது, கையில் கிரீஸ்கூடத் துடைக்காமல் ஓடி வந்தார் நாச்சிமுத்து. அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு கதறினார்.

“ஒரு வார்த்தை வாடான்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனேண்ணா! மண்டபத்துக்கு எதுத்தாப்ல டீக்கடைலதான் நின்னுட்டிருந்தேன். தாலி கட்டற வரைக்கும் நின்னுட்டிருந்தேன்.”

வந்தவர் நடிக்கவில்லை என்பது தமயந்திக்கு உடனே புரிந்துவிட்டது. இருந்தும் அவள் ‘கட்’ சொல்லவில்லை. சென்னியப்பனும் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து நீர் மட்டும் காதோரம் இறங்கியது. அதைக் கண்டு நாச்சிமுத்து நிமிர்ந்தார். கேமராவைப் பார்த்தார். எழுந்து போனார். பார்க்கவே பாவமாக இருந்தது என்று அன்று அழ வந்த பெண்கள் இன்னும் சொல்கிறார்கள்.

அபசகுனம் கழிய, பிணமாக நடித்தவரை எழுப்பிச் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுப்பது சினிமாக்காரர்கள் வழக்கம். அன்று சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் தமயந்தி மன்னிப்புக் கேட்கச் சைக்கிள் கடைக்குப் போனாள்.

“அந்தப் படத்துல நான் இருக்கக் கூடாதுங்க” என்றார் நாச்சிமுத்து. “நான் அழுதது செத்தவருக்கு. உசுரோட இருக்கறவருக்கு இல்லீங்க.”

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். சென்னியப்பனோ, “எடுத்துராத கண்ணு. எந்தம்பி வந்தான்கறதுக்கு வேற என்ன சாட்சி இருக்குது?” என்று கெஞ்சினார்.

தமயந்தி தம்பியின் முகத்தையும் குரலையும் நீக்கினாள். அண்ணனின் மூடிய கண்களையும், அவர் காலைப் பற்றியிருந்த இரண்டு கைகளையும் விட்டுவைத்தாள். அந்த ஒரு காட்சிக்காகவே படத்துக்குச் சென்னைக் குறும்பட விழா ஒன்றில் முதல் பரிசு கிடைத்தது. பார்த்த தயாரிப்பாளர் ஒருவர் பெரிய படமே கொடுத்துவிட்டார். ஊரில் பார்த்தவர்களோ, நகக்கண்ணில் கிரீஸ் அப்பிய அந்தக் கைகள் யாருடையவை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

‘கட்’ சொல்லாமல் நின்று, வாக்கையும் பாதியே காப்பாற்றியவள் தமயந்தி. தம்பி கதறியும் கண் திறக்காமல் கிடந்தவர் சென்னியப்பன். அண்ணன் வேண்டும் என்று கெஞ்சிய காட்சியை வேண்டாம் என்றவர் நாச்சிமுத்து. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தமயந்தி செய்தது தவறுதான். ஆனால் அவளைவிடப் பெரிய தவறு, போர்டு வேண்டாம் என்றவருடையது. மேளம் தெருமுனைக்குக் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னது படத்துக்காக அல்ல. ‘வாடா’ என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராமல், செத்துப்போனேன் என்று மேளத்திடம் சொல்லி அனுப்பினார். அவர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. கோபம் அதைவிட அதிகம். நாச்சிமுத்து செய்ததே சரி. சபதத்தைவிட அண்ணன் பெரிது என்று ஓடி வந்தார். அந்த அழுகை ஏமாற்றி வாங்கப்பட்டது என்று தெரிந்ததும் அதைத் திருப்பிக் கேட்டார். சென்னியப்பன் இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைப் போனில் போட்டுக் காட்டுகிறார். தம்பி கடைக்கு மட்டும் இன்னும் போகவில்லை.