குறி இல்லாத பெயர்

"அந்தப் புள்ளைக்கு மட்டும் எதுக்குங் மேடம் கை தட்டுனீங்க?"

கேட்டவர் செங்கோடன்.

தமயந்தி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தமயந்தி குரு. செங்கோடன் சிஷ்யர். குருவைவிட சிஷ்யருக்குத்தான் வயது அதிகம். எங்கள் தொழிலில் அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

என்ன தொழில் என்கிறீர்களா? லாரிக்காரர்களுக்கு லோடு பிடித்துக் கொடுக்கிற ஆப். சங்ககிரியில் ஒரு மாடியில் ஆபீஸ். ஆப்புக்குப் பின்னால் லோடு, டீசல், டோல் என்று ஆளுக்கொரு வேலையாகச் சின்னச் சின்ன சர்வீஸ்கள். ஒவ்வொன்றும் ஒரு கன்டெய்னருக்குள் குடியிருக்கும்; லாரியில் ஏற்றுகிற கன்டெய்னர் இல்லை, கம்ப்யூட்டருக்குள் ஒரு டப்பா. கன்டெய்னர் எந்நேரமும் சாகும், வேறொரு மெஷினில் மறுபடி பிறக்கும். பிறந்தால் விலாசம் மாறிவிடும். பெயர் மட்டும் மாறாது.

ஆக, எந்தப் பெயர் இன்றைக்கு எந்த விலாசத்தில் இருக்கிறது என்று டிஎன்எஸ் என்கிற பெயர்ப் பதிவேட்டில் யாராவது மாற்றி எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த யாராவது, செங்கோடன். வருஷக்கணக்காகக் கையாலேயே எழுதினார். சோற்றில் கை வைப்பார், போன் வரும். "அண்ணா, டீசல் மாறிடுச்சுங்ணா!" கையைக் கழுவிக்கொண்டு ஓடுவார். வாயில் திட்டு, மனசுக்குள் கெத்து. அவர் இல்லாமல் ஒரு லாரி நகராது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அப்புறம் நஸ்ரின் வந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குள் ஒரு புரோகிராம் எழுதிவிட்டாள். சர்வீஸ் பிறந்தால் புரோகிராமே பெயரை எழுதும். விலாசம் மாறினால் அதுவே மாற்றும். செத்தால் அதுவே அழிக்கும். தான் எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், இது நான் எழுதியது என்று ஒரு குறியும் போட்டுவைக்கும்.

அன்றைக்குத்தான் மேடம் கை தட்டினார். நாங்களும் தட்டினோம். இருந்த சர்வீஸ்களையும் ஒவ்வொன்றாகப் புரோகிராமின் பொறுப்புக்கு மாற்றினோம். அதோடு செங்கோடனின் போன் அடங்கிவிட்டது.

"எனக்கு வயிறு எரியுதுங் மேடம். சொல்றதுக்கு என்ன."

"எரியட்டும்," என்றார் தமயந்தி. "ஒரு சுளை எடுத்துக்குங்."

செங்கோடன் எடுக்கவில்லை.

வயிறு எரிகிற மனுஷன் சும்மா இருப்பானா?

மறுநாள் 'வாடகை' என்று ஒரு புது சர்வீஸ் கிளம்பியது. எந்த ஊருக்கு என்ன ரேட் என்று டிரைவர்களுக்குக் காட்டுவது. நஸ்ரினின் புரோகிராம் அவ்வப்போதுதான் எட்டிப் பார்க்கும். அது பார்ப்பதற்குள் செங்கோடன் முந்திக்கொண்டு அந்தப் பெயரைத் தன் கையால் எழுதிவிட்டார்.

கணக்கு இதுதான். புரோகிராம் வரும். தன் எழுத்தை அடித்துவிட்டு அதனுடையதை எழுதும். 'பாருங்க, என் வேலையையே அழிக்குது' என்று பஞ்சாயத்தைக் கூட்டிவிடலாம்.

புரோகிராம் வந்தது. பார்த்தது. பேசாமல் ஒதுங்கிப் போய்விட்டது.

செங்கோடனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அடுத்த வாரம் வாடகையின் கன்டெய்னர் செத்து, வேறு மெஷினில் பிறந்தது. விலாசம் மாறியது. மற்ற பெயர்களையெல்லாம் பார்த்துப் பார்த்துத் திருத்துகிற புரோகிராம் இந்தப் பெயரை மட்டும் தொடவில்லை. பெயர் பழைய விலாசத்தையே காட்டிக்கொண்டு நின்றது. அங்கே யார் இருக்கிறார்கள்?

தொப்பூரிலிருந்து போன். கரூரிலிருந்து போன். "ரேட்டே வர மாட்டேங்குது, லாரியை ஓரங்கட்டிட்டு நிக்கறோம். என்னய்யா கம்பெனி நடத்தறீங்க?"

முதலாளி நல்லசாமி அறைக்குள்ளிருந்து கத்தினார். "மெஷினை நம்பினா இப்படித்தான்! மூணு மணிக்கு மீட்டிங். அந்தப் புரோகிராமைத் தூக்கிக் கடாசுங்க. அந்தப் புள்ளையையும் இன்னையோட அனுப்பிச்சு விட்டுருங்க!"

நஸ்ரின் தன் புரோகிராமை வரி வரியாகத் துழாவிக்கொண்டிருந்தாள். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு வியாதி. எது கெட்டாலும் தான் எழுதியதில்தான் தப்பு என்று தேடுவார்கள். டிஎன்எஸ்ஸைத் திறந்து அந்த ஒரு பெயரைப் பார்க்க அவளுக்குத் தோன்றவேயில்லை.

செங்கோடன் மேடத்திடம் போனார். நடையிலேயே ஒரு துள்ளல்.

"இப்பச் சொல்லுங் மேடம். கை பெருசா, புரோகிராம் பெருசா?"

"அந்தப் பேரை மட்டும் புரோகிராம் ஏன் தொடலை?"

"அது எனக்கெப்படிங் தெரியும்?"

"எழுதுனவகிட்டக் கேளுங்."

போனார்.

நஸ்ரினுக்குக் கண் சிவந்திருந்தது. அவரைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். "வந்துட்டீங்களாண்ணா? உங்களைத்தான் கூப்பிடலாம்னு இருந்தேன். எனக்கு ஒண்ணுமே புரியலைண்ணா."

"குறி இல்லாத பேரைப் பார்த்தா உன் புரோகிராம் என்ன பண்ணும்?"

"தொடாதுண்ணா. நான் மொதல்ல எழுதுனதே அந்த வரியைத்தான்."

"எதுக்கு?"

"குறி இல்லாததெல்லாம் நீங்க வெச்ச பேரு இல்லையா? சாப்பாட்டுல இருந்து எந்திரிச்சுப் போய்ப் போய் வெச்சதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அதைப் போய் அழிக்க எனக்கு எப்படிண்ணா மனசு வரும்?"

செங்கோடன் திரையிலிருந்த அந்த வரியைப் பார்த்தார்.

"ஏண்ணா கேக்கறீங்க?"

செங்கோடன் திரும்பி நடந்தார். துள்ளலைக் காணோம்.

"மேடம். வாடகைங்கற பேரு நான் வெச்சதுங்."

"தெரியும். நீங்க அங்க போன நேரத்துல டிஎன்எஸ்ஸைப் பார்த்துட்டேன், அந்தப் பேருக்குக் குறி இல்லை."

"அப்ப நீங்களே அழிச்சிருக்கலாமில்லீங்? லாரியெல்லாம் நின்னுட்டுக் கெடக்குது!"

"நீங்க வெச்சது. நான் தொடலாமா?"

செங்கோடன் அங்கேயே குனிந்து, மேடத்தின் கம்ப்யூட்டரிலேயே அந்தப் பெயரை அழித்தார்.

காத்திருந்தார்.

புரோகிராம் வந்து எட்டிப் பார்த்தது. வாடகை என்ற பெயர் தானாக முளைத்தது. புது விலாசம். பக்கத்தில் குறி.

கொஞ்ச நேரத்தில் தொப்பூருக்கு ரேட் வந்தது. கரூருக்கு வந்தது. போன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

நல்லசாமி அறையை விட்டு வெளியே வந்தார். "சரியாயிடுச்சா! யாருய்யா சரி பண்ணுனது?"

"செங்கோடண்ணனுங்க," என்றேன் நான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அப்பவே சொன்னனா இல்லையா! கைன்னா கைதான்யா!"

அவர் கை தட்டினார். நாங்களும் தட்டினோம். ஆபீஸே தட்டியது. நஸ்ரின் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று தட்டினாள். தன்னை அனுப்பப் போகிறார்கள் என்பதைக்கூட அந்த நேரத்தில் மறந்துவிட்டாள், பைத்தியம்.

இத்தனை நாள் செங்கோடன் ஏங்கியது இதற்குத்தான். வந்துவிட்டது. வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் மட்டும் தட்டவில்லை. மேஜை மேல் கிடந்த பழத்தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க," என்றார் செங்கோடன்.

யாருக்கும் காதில் விழவில்லை.

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல! கெடுத்ததே நாந்தாங்க. அந்தப் பேரை வேணும்னே வெச்சேன். பொறாமைங்க. வேற ஒண்ணுமில்லை. அந்தப் புள்ளை எழுதுனதுல ஒரு குத்தமும் இல்லீங்க. அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க."

தட்டிய கைகள் அப்படி அப்படியே நின்றன. நஸ்ரின் அவரையே பார்த்தாள்.

எனக்குப் பின்னாலிருந்து ஒரே ஒருவர் கை தட்டும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். தமயந்தி.