வேகமாத் தேடுங்க அண்ணாச்சி

செண்பகவல்லியிடம் மென்பொருள் படித்தவர்களில் சுடலைமுத்துவுக்குத்தான் வயது அதிகம், கோபமும் அதிகம். குருவைவிட மூத்த சீடர். அதனால் அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை டீச்சர் என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே மாடிப்படியைத் தடதடவென்று மிதித்துக்கொண்டுதான் வந்தார்.

“டீச்சர், இருக்கறதுலயே வேகமான கம்ப்யூட்டர் எதுன்னு சொல்லுங்க. வீட்டை வித்தாவது வாங்குதேன்.”

“எதுக்கு?”

“ஆஸ்பத்திரியில என் மென்பொருளைத் தூக்கிப் போடப் போறாங்களாம்!”

அவசரத்துக்கு ரத்தம் கொடுக்க யாரைக் கூப்பிடலாம் என்று சொல்லும் மென்பொருள் அது. ராப்பகலாக உட்கார்ந்து அவர் ஒற்றை ஆளாக எழுதியது. முந்தின நாள் பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்க, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் நர்ஸ் தன் தம்பியைக் கூப்பிட்டுக் கொடுக்க வைத்தாள். அந்தப் பெண் பிழைத்ததே பெரிய விஷயம். நாளைக்குள் சரிசெய்யாவிட்டால் இனி அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

“எப்படித் தேடுது?”

“ஊர்ல ஒவ்வொரு ஆளா எடுத்து, இவரு சமீபத்துல ரத்தம் கொடுத்திருக்காரான்னு பாக்கும். கொடுத்திருந்தா கூப்பிடக் கூடாதுல்லா?”

“எங்க பாக்கும்?”

“கொடுத்தவங்க பட்டியல்ல. முதல் பேர்லேருந்து ஒண்ணொண்ணா.”

“அடுத்த ஆளுக்கு?”

“மறுபடியும் முதல் பேர்லேருந்துதான். ஒரு பேரும் தப்பாது டீச்சர்.” சொல்லும்போது அவருக்குப் பெருமை வேறு.

செண்பகவல்லிக்கு முகம் சிவந்துவிட்டது.

“அப்போ வேகமாத் தேடினாப் போதும்ங்கீங்க?”

“அதைத்தானே வந்ததுலேருந்து கத்துதேன்!”

அவள் விருட்டென்று எழுந்து வாசலுக்குப் போனாள். அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. சேருகிற அன்றே ஆளுக்கொரு எண். வாசல் அலமாரியில் அந்த எண் போட்ட அறையில்தான் செருப்பை விட வேண்டும். மாற்றி விட்டவருக்கு அன்றைக்குப் பாடம் கிடையாது. அப்படிப்பட்ட கறார்க்காரி அலமாரியைச் சாய்த்து அத்தனை செருப்பையும் தரையில் கொட்டினாள். போதாதென்று காலால் கிளறியும் விட்டாள்.

“பாடம் முடிஞ்சாச்சு. ஒவ்வொருத்தரா வந்து எடுத்துட்டுக் கிளம்புங்க. அண்ணாச்சி கடைசி.”

பிள்ளைகள் பேயறைந்தது போல் நின்றார்கள். பிறகு ஒருத்தி குனிந்து தேடினாள். கிடைத்ததும் போனாள். அடுத்தவன் வந்து பழையபடி முதலிலிருந்து தேடினான். முக்கால்வாசியும் கறுப்பு ரப்பர் செருப்பு. சுடலைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது போன் அடித்தது. நர்ஸ்தான்.

“சார், நாளைக்கு வரைக்கும்லாம் முடியாது. இப்பவும் ஒரு கேஸ் வந்துச்சு, இப்பவும் உங்க வட்டம் சுத்துது. நானே நாலு பேருக்குப் போன் போட்டு ஆளைப் புடிச்சிட்டேன். வேற ஆளை வச்சு இதை அழிக்கச் சொல்லப் போறேன்.”

“சிஸ்டர், சிஸ்டர்! தொடாதீங்க. இந்தா வந்துட்டேன்!”

முன்னால் நின்றவர்களைத் தள்ளிவிட்டுக் குவியலில் விழுந்தார். ஒற்றைச் செருப்பு கிடைத்தது. மற்றது எங்கே போய்த் தொலைந்ததோ!

“வேகமாத் தேடுங்க அண்ணாச்சி.”

“தேடிக்கிட்டுத்தானே இருக்கேன்!”

“இன்னும் வேகமா.”

கையிலிருந்த செருப்பைச் சுவரில் விட்டெறிந்தார்.

“கிறுக்கா புடிச்சிருக்கு உங்களுக்கு? என் பொழப்பே போகுது, நீங்க விளையாடுதீங்க! என் நம்பர் அறையில கிடந்திருந்தா கண்ணை மூடிக்கிட்டு மாட்டிட்டுப் போயிருப்பேனே! தேடவே வேண்டாமே! புத்தி இருக்கற யாராவது இப்படிக் குவிச்சு வைப்பாங்களா?”

செண்பகவல்லி விட்டுக்கொடுக்கவில்லை. அவர் கண்ணுக்கு நேராக வந்து நின்றாள்.

“நல்லாத் திட்டுங்க. இங்க குவிச்சவ நான்தான். அங்க பேரையெல்லாம் குவிச்சது யாரு அண்ணாச்சி?”