காணாமல் போனவனுக்கு ஒரு முடிவு

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தொன்று. யார் யாரை எப்படி அழைப்பது என்று முதல் வாரம் இருவருக்கும் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது. அவர் ‘மேடம்’ என்றார், இவர் ‘சார்’ என்றார், அதோடு தீர்ந்தது.

குருவின் பெயர் நஸ்ரின். வடபழனியில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் நடக்கும் சினிமாப் பள்ளியில் திரைக்கதை சொல்லித் தருபவர். சீடர் இசக்கிராஜ், பாளையங்கோட்டைக்காரர். வார நாட்களில் மருந்து கம்பெனி வேலையாக டாக்டர்களின் வாசலில் பையோடு காத்திருப்பார். சனி, ஞாயிறு இங்கே வந்து பெஞ்சில் உட்காருவார். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். அவரை ‘அங்கிள்’ என்பார்கள். அவருக்கு அது பிடிக்காது, ஆனால் ஒருநாளும் சொன்னதில்லை.

படிப்பு முடிய ஆளுக்கொரு குறும்படம் எடுக்க வேண்டும். கேமரா ஆளுக்கு ஐந்து நாள் கிடைக்கும். கதை முழுதாக இருந்தால்தான் கேமரா, இல்லாவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். இசக்கிராஜ் த்ரில்லர் எடுப்பதாகப் பெயர் கொடுத்திருந்தார். தம்பி காணாமல் போகிறான், அண்ணன் தேடுகிறான். அவ்வளவுதான் கதை.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் மெனக்கெட்டிருந்தார். நான்கு மாதத்தில் அறுபத்து மூன்று த்ரில்லர் படங்களைப் பார்த்து ஒரு நீள நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். முதல் பயம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, கரண்ட் எப்போது போகிறது, பூனை எப்போது குறுக்கே ஓடுகிறது, நல்லவனாகத் தெரிந்தவன் எந்த இடத்தில் கெட்டவன் ஆகிறான், எல்லாம் கட்டம் போட்டு இருந்தது. வகுப்புப் பிள்ளைகள் அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் கதைகளை முடித்துவிட்டார்கள். நோட்டுக்காரர் கதை மட்டும் முடியவில்லை.

திங்கட்கிழமை கதையைக் கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் அவர் மேடத்தின் அறைக்கு வந்தார்.

“ஒரு சந்தேகம் மேடம்.”

“கேளுங்க சார்.”

“காணாம போனவன் கதைக்கு என்ன முடிவு வைக்கணும்?”

“நோட்டு என்ன சொல்லுது?”

இசக்கிராஜ் பக்கத்தைப் புரட்டிப் படித்தார். “பத்தொம்பது படத்துல ஆள் காணாம போறான். பன்னெண்டுல பொணமா கெடைக்கான். அஞ்சுல அவனேதான் வில்லன். ரெண்டுல திரும்பி வாரான்.”

“அப்ப மெஜாரிட்டி பக்கம் போயிடுங்க.”

மேடம் கிண்டலாகத்தான் சொன்னார். இசக்கிராஜ் சிரிக்கவில்லை. மேடம் அதைக் கவனித்தார்.

“சரி, நோட்டை மூடி வைங்க. கதையைச் சொல்லுங்க.”

சினிமாவில் கதையை எழுதிக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். எதிரே உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். இடி, மழை, பின்னணி இசை எல்லாம் சொல்கிறவர் வாயிலிருந்தே வர வேண்டும். நஸ்ரின் அதையும் ஒரு பாடமாகவே வைத்திருந்தார்.

இசக்கிராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஓப்பன் பண்ணா, பஸ் ஸ்டாண்டு. உச்சி வெயில். ஆயிரம் பேர் போறாவ, வாராவ. அந்தக் கூட்டத்துல அருண்னு ஒருத்தன், இருவத்திநாலு வயசு, தனியா நிக்குதான்…”

நன்றாகச் சொன்னார். பேச்சு வராதவர் என்று வகுப்பில் பெயர் எடுத்தவர், இப்போது மேசையில் விரலால் தாளம் போட்டார், எழுந்து நின்றார், பஸ் ஹாரனைக்கூட விடவில்லை. கீழே மில் ஓடுகிற அதிர்வு தரையில் இருந்துகொண்டே இருந்தது, அதுவும் கதைக்குத் தோதாக அமைந்தது. பாதிக் கதை வந்தபோது மேடம் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

இரண்டாம் பாதியும் போயிற்று. கடைசிக் காட்சிக்கு வந்தார்.

“அண்ணன் வீட்டுல தனியா இருக்கான். வெளிய யாரோ கதவத் தட்டுத சத்தம். டொக், டொக், டொக். அண்ணன் எந்திச்சுப் போறான். தாப்பாள்ல கைய வைக்கான்…”

நிறுத்திவிட்டார்.

“அப்புறம்?”

“அதுக்கப்புறம் மூணு வெர்ஷன் வச்சிருக்கேன் மேடம்.”

“மூணையும் சொல்லுங்க.”

“முதல் வெர்ஷன்ல போலீஸ் நிக்குது. கெணத்துல ஒரு பாடி கெடந்துச்சு, வந்து அடையாளம் காட்டுங்கன்னு கூப்பிடுது.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மேசையில் தாளம் இல்லை.

“ரெண்டாவது?”

“ரெண்டாவதுல தம்பிதான் கொலைகாரன். கத்தியோட நிக்குதான். ஆனா அது சரிவராது மேடம். அவன் எறும்பை மிதிச்சாக்கூட நின்னு பாக்குற பய.”

“யாரு?”

“கேரக்டர் மேடம்.”

மேடம் தலையாட்டினார். “மூணாவது?”

“திரும்பி வந்துட்டான். பசங்ககிட்டச் சொன்னேன், சப்புன்னு இருக்கு அங்கிள்னுட்டாங்க. யாரு நம்புவான்னு கேக்காங்க.”

“நீங்க நம்புறீங்களா?”

இசக்கிராஜ் நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். மேடம் பேச்சை மாற்றினார்.

“படத்துக்குப் போஸ்டர் அடிச்சுட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். காட்டுங்க.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ‘காணவில்லை’ என்று மேலே கொட்டை எழுத்து. நடுவில் ஒரு இளைஞனின் படம், சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற முகம். கீழே விவரம்.

“கதையில அவன் பேரு அருண்னு சொன்னீங்க. இங்க மாசானமுத்துன்னு இருக்கே.”

“சும்மா ஒரு பேரு மேடம்.”

“எத்தனை அடிச்சீங்க?”

“இருநூறு.”

“படத்துக்கு எத்தனை வேணும்?”

“நாலு. அஞ்சு.”

“மீதி?”

“ஒட்டியாச்சு மேடம். எழும்பூர், கோயம்பேடு, தாம்பரம். லொகேஷன்ல எப்படித் தெரியுதுன்னு பாக்கணும்லா.”

மேடம் தன் போனை எடுத்து, போஸ்டரில் இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். இசக்கிராஜின் சட்டைப் பையில் போன் அடித்தது.

படத்தில் காட்டுகிற எண் யாருடைய எண்ணாகவும் இருக்கக் கூடாது என்பது முதல் வாரப் பாடம். எல்லாரும் ஒன்பது இலக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இசக்கிராஜ் பத்தையும் போட்டிருந்தார்.

போன் அடித்து ஓய்ந்தது.

“யாராவது கூப்பிட்டாங்களா சார்?”

“நாலு பேரு. சன்மானம் என்னன்னு கேட்டு மூணு பேரு. ஒருத்தர் பேசல. நான் ரொம்ப நேரம் ஹலோ ஹலோன்னேன், வச்சுட்டாங்க.” சட்டைப் பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்தார். “எடுத்த எடுப்புலயே எம்பொண்டாட்டி சொல்லிட்டா, இது படத்துக்கு அடிச்ச போஸ்டர் இல்லன்னு.”

பிறகு அவரே சொன்னார். மாசானம் அவருக்கு உடன்பிறந்த தம்பி. சினிமாப் பைத்தியம், அதிலும் சஸ்பென்ஸ் படம் என்றால் உயிர். இடைவேளையிலேயே கொலைகாரன் யார் என்று சொல்லிவிடுவான், பக்கத்து சீட்டுக்காரர்கள் அடிக்க வருவார்கள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன சமயம். மதுரையிலிருந்து பஸ்ஸில் வருகிறவரைக் கூட்டிக்கொண்டு வர மாசானத்தை அனுப்பினார்கள். பஸ் வரத் தாமதமாகும் என்று பக்கத்துத் தியேட்டருக்குள் நுழைந்தவன், கொலைகாரன் யாரென்று தெரியாமல் எழுந்து வரவில்லை. கண்ணில் கட்டோடு அப்பா இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்றார்.

“நான் போயிச் சேரவும் அவன் ஓடி வரவும் சரியா இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல அத்தனை பேரு முன்னால விட்டேன் ஒண்ணு. இனிமே என் மூஞ்சில முழிக்காதலேன்னு சொன்னேன்.”

கீழே மில் நின்றது. சாப்பாட்டு நேரம்.

“சொன்ன பேச்சைக் கேக்கவே மாட்டான் மேடம். எங்க அம்மை தலைபாடா அடிச்சுக்கிடுவா. இதை மட்டும் கேட்டுட்டான். பதினோரு வருஷமாச்சு.”

ரேஷன் கார்டில் மாசானத்தின் பெயர் இன்னும் இருக்கிறது. கைரேகை வைக்காத ஆளை எடுத்துவிடுவோம் என்று போன மாதம் கடையில் சொன்னார்கள். வெளியூரில் வேலை பார்க்கிறான், வந்துவிடுவான் என்று இசக்கிராஜ் சொல்லிவிட்டு வந்தார். அதைச் சொல்லும்போது அவருக்கே அது உண்மை போலத்தான் இருந்தது. கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிற தூரம்வரை மனசு நிறைந்திருந்தது. தம்பியைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை கிடையாது. கேமரா, படம், சர்டிபிகேட் எல்லாம் அதற்குப் போட்ட வேஷம்.

“அதனாலதான் கேக்குதேன் மேடம். கெணத்துல போட எனக்குக் கை வரல. வந்துட்டான்னு எழுதுனா எனக்கே நம்பிக்கை வரல. நீங்க ஒரு விதி சொல்லுங்க, அதுபடி எழுதிட்டுப் போறேன்.”

நஸ்ரின் எழுந்து கதவைத் திறந்தார்.

“வெளிய போய் நில்லுங்க சார்.”

“மேடம்?”

“நீங்கதான் தம்பி. நான் அண்ணன், உள்ள இருக்கேன். இப்ப சொன்னீங்களே, டொக் டொக்னு. அதே மாதிரி மூணு தடவை தட்டுங்க. நான் திறக்கிறேன்.”

இசக்கிராஜ் வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

எல்லாருக்கும் தெரிந்த சாதாரணப் பச்சைக் கதவு. இன்று காலைகூட அவர் அதைத் தட்டியிருக்கிறார். கையை ஓங்கினார். உள்ளே நாற்காலி நகர்ந்தது. யாரோ செருமினார்கள். கை அங்கேயே நின்றது.

உள்ளே இருப்பது மேடம் என்று தெரியும். தெரிந்தும் என்ன பிரயோசனம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அறைந்த கை அவருடையது, இப்போது எரிந்தது கன்னம். திறக்கிறவன் முதல் பார்வையில் என்ன முகம் காட்டுவான் என்று யோசித்தார். பஸ் ஸ்டாண்டில் காட்டிய அதே முகத்தைக் காட்டினால், திரும்பிப் படியிறங்க வேண்டியதுதான். அப்படி இரண்டாவது தடவை திரும்பிப் போகக் கால் வராது. அதற்கு வராமலே இருந்திருக்கலாம்.

வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் டிபன் பாக்ஸோடு அந்தப் பக்கமாக வந்தார்கள்.

“மேடம் உள்ளதான் இருக்காங்க அங்கிள். தட்டுங்க.”

அவர் சரி என்று தலையாட்டினார். அவர்கள் போய்விட்டார்கள். அவர் நின்றார். ஒருமுறை படிக்கட்டுவரை போய்விட்டுத் திரும்பி வந்தார். மறுபடி கையை ஓங்கினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கால் மணி நேரம் கழித்து நஸ்ரின்தான் கதவைத் திறந்தார்.

“தட்டலையே சார்.”

“முடியல மேடம்.”

“அறுபத்து மூணு படம் பாத்தீங்களே. இப்படி எங்கயாவது பயந்தீங்களா?”

“இல்ல மேடம்.”

“உள்ள வாங்க. உக்காருங்க.”

உட்கார்ந்தார். மேடம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

“உங்க படத்துல இந்தப் போஸ்டரை யார் யார் படிக்கிறாங்க?”

“டீக்கடைக்காரர் படிக்காரு. கான்ஸ்டபிள் ஒருத்தர். அப்புறம் வில்லன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் மேடம்.”

“சரி. இப்ப வெளிய நின்னீங்களே, என்ன தெரிஞ்சிருந்தா தட்டியிருப்பீங்க?”

இசக்கிராஜ் யோசிக்கவே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற கால் மணி நேரமும் அதைத்தானே யோசித்துக்கொண்டிருந்தார்.

“‘கோவம்லாம் போயிடுச்சு, வாலே’ன்னு ஒரு வார்த்தை. அது ஒண்ணு தெரிஞ்சிருந்தாப் போதும் மேடம். தட்டியிருப்பேன்.”

நஸ்ரின் போஸ்டரை எடுத்தார். அதைச் சுவரில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வழியில் போகிற ஒருவன் நின்று படிப்பது போல வாய்விட்டுப் படித்தார்.

“காணவில்லை. மாசானமுத்து. வயது இருபத்து நான்கு. மாநிறம். உயரம் ஐந்தடி ஆறு. வலது புருவத்தில் தழும்பு. நீலக் கட்டம் போட்ட சட்டை. தகவல் தருவோருக்குத் தகுந்த சன்மானம்.” எண்ணையும் ஒன்றுவிடாமல் படித்தார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

“தம்பி படிக்க, அந்த வார்த்தை இதுல எங்க சார் இருக்கு?”