பாதி மண்டபம் காலி

சுற்றி வளைக்காமல் கதைக்கு வருவோம். அரசுப் பள்ளித் தலைமையாசிரியைகள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். செய்தி, யோசனை, ஒத்தாசை எல்லாம் அதில்தான். ஆரம்பித்தவள் மலைப்பள்ளி இன்பவல்லி. கல்வி அதிகாரி கஜேந்திரனுக்கோ அது கண்ணில் விழுந்த உமி.

எல்லாத் தலைமையாசிரியர்களையும் மண்டபத்துக்கு அழைத்திருந்த கூட்டத்தில் எகிறினார். "வம்பளக்க ஒரு குழுவா? என் சுற்றறிக்கை போதாதா? இப்பவே, என் கண்முன்னாலேயே கலைச்சிடும்மா!"

இன்பவல்லி எழுந்தாள். குழு போனால் அந்த மலையில் அவள் தனிமரம். இருந்தும் போனை எடுத்தாள்.

"கலைச்சிடறேன் சார். ஆம்பளை ஹெச்.எம். ஒருத்தரையும் காணோமே, ஏன்?"

அப்போதுதான் பார்த்தார். பாதி மண்டபம் காலி. "சுற்றறிக்கை அனுப்பியும் வரலையா? அவ்வளவு திமிரா?"

"அதை நம்பித்தான் சார் போயிருக்காங்க. நீங்க இடத்தை மாத்தினீங்க, சுற்றறிக்கையை மாத்தலை. பழைய மண்டபம் பூட்டிக் கிடக்கு. அங்க முதல்ல போன மேகலா டீச்சர் விசாரிச்சு எங்க குழுவுல போட்டாங்க. நாங்க இங்க வந்துட்டோம்."

மண்டபமே சிரித்தது. கஜேந்திரன் செருமினார். "அந்தக் குழுவுல... என்னையும் சேர்க்கலாமா?"

"பெண்கள் குழு சார். வேணும்னா உங்களுக்குச் செய்தி அனுப்பறோம். முதல் செய்தி இதோ: அவங்க இன்னும் வெயில்லதான் நிக்கிறாங்க. ஒரு போன் போடுங்க!"