முதலாளி இழுத்துக்கொண்ட கை

எங்கள் ஊரில் மூடிக் கிடந்த தோல் பதனிடும் ஷாப்பைக் கூத்துப் பழகும் கூடமாகத் தருவதாக முதலாளி தனகோட்டி சொன்னார். தோல் பதனிட்ட ரசாயனமோ தரையெல்லாம் மஞ்சளாய்ப் படிந்திருந்தது. அவர் சுவருக்கு மட்டும் வெள்ளையடித்தார்.

"சுத்தம் பண்ணியாச்சு. திறப்பு விழாவுல அப்படியே சொல்லி நன்றி சொல்லணும். இல்லேன்னா பூட்டிடுவேன்" என்றார்.

கூத்து வாத்தியாரே முழித்தார். முகமே யாருக்கும் தெரியாமல் திரை பிடிக்கிற சிகாமணிதான், "நான் சொல்றேங்க" என்றான்.

விழாவுக்கு ஊரே வந்திருந்தது. சிகாமணி கும்பிட்டான்.

"முதலாளிக்குக் கோடி நன்றி. ஆட வர்றவங்க தரையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறது எங்க வழக்கம். முதல் மரியாதை உங்களுக்குத்தாங்க."

முதலாளி பெருமையாய்க் குனிந்தார். விரல் மஞ்சள் தூசியில் படப்போன நேரம், சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

"கண்ணு போயிடும்டா!" என்று வாய்தவறிச் சொல்லியும்விட்டார்.

ஊரே குனிந்து தரையைப் பார்த்தது.

"எங்க பிள்ளைங்க தினமும் ஒத்திக்கப்போற தரைங்க இது" என்றான் சிகாமணி. "நல்லவேளை, முன்னாடியே சொன்னீங்க. அதுக்கும் நன்றிங்க."

முதலாளி யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் மறுநாளே ஆட்களை அனுப்பினார். அவர்கள் பழைய தரையைப் பெயர்த்து லாரியில் ஏற்றிப் போனார்கள். புதுத் தளமும் போட்டார்கள். அது காய்ந்ததும் முதலில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர் முதலாளிதான்.

இப்போதெல்லாம் ஆடுவதற்கு முன் நாங்கள் தரையை இரண்டு தடவை தொட்டு ஒற்றிக்கொள்கிறோம். ஒன்று சாமிக்கு. இன்னொன்று, அன்றைக்கு எங்கள் கண்களைக் காப்பாற்றிய அந்தக் கைக்கு.