ஊசிப்புல்லுக்கு ஊசி வந்த கதை

அந்தக் காலத்தில் புல்லுக்கும் வாய் இருந்தது. ஆனால் ஊசிப்புல்லுக்கு ஊசி கிடையாது. கரட்டுமலை என்று ஒரே ஒரு குன்று. அதன் சரிவில் மெத்துமெத்தென்று வளர்ந்து கிடந்தது. விதை முற்றினால் தன் காலடியிலேயே உதிர்க்கும். அந்தக் குன்றைத் தாண்டி அதற்கு ஓரடி மண்கூட இல்லை.

அந்தப் பக்கத்தில் கிடை போடுகிறவள் சிலம்பாயி. கிடை என்றால் வேறொன்றுமில்லை, அறுத்த வயலில் ஆட்டு மந்தையை மடக்கிப் படுக்க வைப்பதுதான். வயலுக்கு எரு கிடைக்கும், ஆட்டுக்கு மேய்ச்சலும் தண்ணீரும் கிடைக்கும். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மந்தையைக் கட்டி மேய்த்தாள். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஆடு என்றால் உயிரை விடுவாள்.

ஒரு வருஷம் மழையே இல்லை. கரட்டுமலைப் புல் மட்டும் எப்படியோ பச்சை பிடித்து நின்றது. சிலம்பாயி மந்தையை அங்கே ஓட்டினாள்.

"ஏ சிலம்பாயி, கொஞ்சம் நில்லு" என்றது புல். "உன் மந்தை மேய்ஞ்சா எனக்கு வேர்கூட மிஞ்சாது. என் குலமே இந்தச் சரிவோட முடிஞ்சிரும்."

"மேயலைன்னா என் ஆடு நாளைக்கே சுருண்டு விழுந்துரும். நான் எங்க போவேன், நீயே சொல்லு!"

புல் ஒரு வழி சொன்னது.

"சரி, மேயட்டும். ஆனா என் விதையை உருவி மடியில கட்டிக்க. ஈரம் உள்ள மண்ணாப் பார்த்துத் தூவு. செய்வியா?"

"கையடிச்சுச் சத்தியம் பண்றேன் தாயி!"

விதையை உருவி மடியில் முடிந்துகொண்டாள். ஆடுகள் கரம்பித் தின்றதில் சரிவு மொட்டையாகிப் போயிற்று.

நாலு நாள் நடந்தாள். வழியெங்கும் மண் ஓடாகக் காய்ந்து கிடந்ததால் ஒரு விதையைக்கூடத் தூவவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் தண்ணீர் உள்ள ஓர் ஏரியும் வயலும் தென்பட்டன. நிலக்காரர் வல்லவராயர் வயலுக்கு வெளியே அறுத்துப்போட்ட நெல்தாளைக் கொளுத்திக்கொண்டிருந்தார்.

"கிடை போடலாம். வழக்கம் தெரியுமில்ல?" என்றார். "கம்பளி, சேலை எல்லாத்தையும் உதறிட்டுத்தான் உள்ள வரணும். வெளியூர்க் களை என் மண்ணுக்கு ஆகாது. மடியில என்ன?"

"புல்லு விதைதானுங்க. உங்க வயல்ல போடமாட்டேன் அய்யா."

"நெருப்புல போடு. இல்லேன்னா மந்தையைத் திருப்பு."

சிலம்பாயி திரும்பிப் பார்த்தாள். குட்டிகள் நாக்கைத் தொங்கப் போட்டு நின்றன. தண்ணீர் வாசனைக்குத் தாயாடுகள் கத்தின. "மன்னிச்சுக்க தாயி" என்று மடியை அவிழ்த்து நெருப்பில் கொட்டினாள்.

ஒரே ஒரு விதை மட்டும் சேலை மடிப்பில் தங்கிவிட்டது. தன் கூட்டமெல்லாம் பொரிந்து கருகுவதைக் கேட்டதும் அதற்கு ஆத்திரம் பொங்கியது. "சத்தியம் பண்ணின கையே இப்படிப் பண்ணினா, இனிமே யார் கையை நம்புறது?" என்று முனையைக் கூராக்கி, வாலைக் கயிறாக முறுக்கிக்கொண்டு சேலையில் பாய்ந்தது. அவள் உதறினாள். அது இன்னும் உள்ளே போய்க் கெண்டைக்காலைக் குத்தியது.

"அடி ஆத்தா! விடு!"

"விடமாட்டேன். நீயா உட்கார்ந்து, உன் விரலால என்னைப் பிடுங்கி மண்ணுல போடுறவரைக்கும் விடவே மாட்டேன்."

சிலம்பாயிக்கு வலியை விட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. ஏரிக்கரையில் உட்கார்ந்து அதைப் பிடுங்கி, ஈர மண்ணில் போட்டுவிட்டு அழுதாள். அப்புறம்தான் ஆடுகளைத் தண்ணீருக்கு விட்டாள்.

அன்று முதல்தான் ஊசிப்புல் யாரிடமும் வாய் திறந்து கேட்பதில்லை. மலை, மேடு, சாலையோரம் என்று கண்ட இடமெல்லாம் முளைத்து நின்று, போகிறவர் வருகிறவர் துணியைத் தானே பிடித்துக்கொள்கிறது, அவர்களும் எங்காவது உட்கார்ந்து திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணில் போட்டு, சிலம்பாயியின் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.