ஒரே வாயில் பிறந்த இரண்டு சொற்கள்

திருடனின் கையில் விலங்கு பூட்டி அவனை அடக்கிய ஊர்கள் பல. கையில் கொத்துச்சாவியைக் கொடுத்து அடக்கிய ஊர் ஒன்றே ஒன்று. அது வழுதிமாறன் என்னும் அரசர் ஆண்ட பூம்பொழில்நகர்.

அந்நகரில் மாசான் என்றோர் இளைஞன் இருந்தான். தாய் தந்தை இல்லாதவன். அவன் விரல் பட்டால் எந்தப் பூட்டும் கொட்டாவி விடுவதுபோல் வாய் திறக்கும். அவனது கைவரிசையின் உச்சம், அரியணைக்கு அருகிலிருந்த அரசரின் வெள்ளிப் படிக்கம். வெற்றிலைச் சாறு உமிழும் அந்தக் கலம் காணாமல் போனபின், தாம்பூலப் பிரியரான அரசர் பட்ட பாடு கொஞ்சமன்று. வாய் நிறையத் தாம்பூலத்தை அடக்கியபடி அவர் ஒரு வழக்கில் சொன்ன தீர்ப்பு யாருக்கும் விளங்கவில்லை. வாதியும் பிரதிவாதியும் தாமே வென்றதாக எண்ணி மகிழ்ச்சியோடு வீடு போனார்கள்.

தேர்த்திருவிழா அன்று ஊரே தேரடியில் கூடியிருந்தது. நல்ல சமயம் என்று மாசான் ஒரு வீட்டின் கொல்லைச் சுவரைத் தாண்டிக் குதித்தான். குதித்த இடத்திலேயே, மேலாடையைச் சரிசெய்தபடி அவ்வீட்டுக்காரர் நின்றார். அவர் அரசவை அறிஞர் திருவம்பலர்.

"அப்பாடா, ஆள் ஒருவன் கிடைத்தான்!" என்றார் அவர். "தம்பி, வீட்டில் எல்லாரும் தேர் பார்க்கப் போய்விட்டார்கள். நான் திரும்பும்வரை வீட்டைப் பார்த்துக்கொள். இதோ கொத்துச்சாவி. அடுக்களையில் புளியோதரை இருக்கிறது, சாப்பிட்டுவிடு."

"ஐயா, நான் யாரென்று உங்களுக்கு..."

"பசித்தவன் என்று முகத்தில் தெரிகிறது. வேறென்ன தெரியவேண்டும்?"

அவர் போய்விட்டார். மாசான் புளியோதரையை உண்டான். மூலையில் இருந்த பணப்பெட்டியைப் பார்த்தான். சாவியைப் பார்த்தான். பூட்டிய வீட்டில் திருட அவனுக்குத் தெரியும். நம்பி ஒப்படைத்த வீட்டில் திருடுவது எப்படியென்று தெரியவில்லை. அந்நேரம் பார்த்து வேறொரு திருடன் அதே சுவரில் ஏறினான்.

"யாரடா அது? ஆள் இருக்கிற வீடு தெரியவில்லையா?" என்று அதட்டி, தெருமுனைவரை அவனைத் துரத்தினான் மாசான். நின்று மூச்சு வாங்கியபோதுதான் தான் செய்த காரியம் அவனுக்கே உறைத்தது.

அன்பர்களே, சாட்டையடி முதுகோடு நின்றுவிடும். நம்பிக் கொடுத்த சாவியோ நெஞ்சின் உள்ளறைவரை போய்த் திறந்துவிடும். மறுநாள் காலை மாசான் படிக்கத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு தானாகவே அரசவைக்குச் சென்றான்.

"மகராசா, இதைத் திருடியவன் நான்தான். இனித் திருடமாட்டேன். என்னை நம்புங்கள்" என்று விழுந்து வணங்கினான்.

அரசர் மனம் சற்றே இளகியது. அரண்மனைக் காவல் தலைவர் உறங்காப்புலியாரோ துள்ளி எழுந்தார். படிக்கம் அவர் காவலில் போனதல்லவா!

"நம்பாதீர்கள், அரசே! திருடன் வாயில் மெய் வருமா? கையை வெட்டினால்தான் புத்தி வரும்."

அரசருக்குத் தாம் பட்ட அவதி நினைவுக்கு வந்தது. "சரி. இவன் சொல்லும் எந்தச் சொல்லையும் இந்த அவையில் எவரும் நம்பலாகாது. இது நம் ஆணை. இவன் வலக்கையை வெட்டுங்கள்!"

அப்போது திருவம்பலர் எழுந்தார்.

"நல்ல ஆணை, அரசே. உறங்காப்புலியாரே, ஒரு சந்தேகம். இவன் திருடியதை நீர் பார்த்தீரா?"

"பார்த்திருந்தால் விட்டிருப்பேனா?"

"உம் காவலர் எவரேனும்?"

"ஒருவரும் பார்க்கவில்லை."

"பிறகு இவன்தான் திருடினான் என்று உமக்கு எப்படித் தெரியும்?"

"என்ன ஐயா கேள்வி இது? அவனே தன் வாயால் சொன்னானே!"

"நீர் அதை நம்பிவிட்டீரா?" திருவம்பலர் பதறினார். "ஆணையின் ஒலி அடங்குமுன்பே அதை மீறிவிட்டீரே!"

அவையில் பலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் மாசானுக்குப் பொறுக்கவில்லை.

"இல்லை ஐயா! சத்தியமாக நான்தான் திருடினேன்!"

"பாருங்கள் அரசே, மறுபடியும் சொல்கிறான். தவறியும் நம்பிவிடாதீர்கள்."

"உண்மையாகத்தான் ஐயா! சாளரம் வழியாக வந்து எடுத்தேன்!"

"சும்மா இரு தம்பி. உன் பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை."

அரசர் தாடையைத் தடவினார். "திருவம்பலரே, திருடினேன் என்று இவன் சொல்வதை நான் நம்பினால்?"

"தாராளமாக நம்பலாம், அரசே. இனித் திருடமாட்டேன் என்றும் அதே வாய்தான் சொன்னது. இரண்டும் ஒரே மூச்சில் பிறந்தவை. ஒன்றை மடியில் ஏற்றி மற்றொன்றைத் தெருவில் விடுவது நீதியாகுமா? இரண்டையும் நம்புங்கள்; திருந்திய பிள்ளை ஒருவன் கிடைப்பான். இரண்டையும் தள்ளுங்கள், தொலைந்த பொருளைக் கொண்டுவந்து சேர்த்த உத்தமன் கிடைப்பான். எப்படியும் கையை வெட்ட வழியில்லை."

அரசர் புன்னகைத்தார். "இரண்டையும் நம்புகிறேன். மாசான், உன் கை உனக்கே. நாளைமுதல் அந்தக் கை கருவூல வாசலில் காவல் வேல் பிடிக்கட்டும்."

மாசான் கண்ணீரோடு கைகுவித்தான். உறங்காப்புலியார் விடுவதாயில்லை.

"அரசே, இவன் மறுபடி திருடினால் நமக்கு எப்படித் தெரியும்?"

மாசான் பணிவோடு சொன்னான்: "திருடினால் நானே வந்து சொல்லிவிடுகிறேன், ஐயா."

அரசர் அரியணை அதிரச் சிரித்தார். "கேட்டீரா, புலியாரே! இத்தனை ஆண்டுகளில் உம் காவலர்களில் ஒருவனாவது எனக்கு அந்த அளவு உதவியிருக்கிறானா?"